வாராத பரிசும் போகும் பொருளும்

சென்ற மாதம் வாழைத் தோட்டங்களைப் பார்வையிடும் பொருட்டுச் சேவுகம்பட்டிக்குச் சென்றிருந்தேன். அங்கே குடியானவர் ஒருவர், தம் கைப்பேசிக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றைக் காட்டி என் அபிப்பிராயத்தைக் கேட்டார். அந்நிய தேசத்துக் கம்பெனி நடத்திய குலுக்கலில் அவருக்குக் கோடிக்கணக்கான ரூபாய் பரிசு விழுந்திருப்பதாகவும், வரியையும் செலவையும் முன்னதாகக் கட்டினால் பணம் ரிசர்வ் பாங்கியின் மூலம் வந்து சேருமென்றும் அதில் கண்டிருந்தது. வாழைக்கன்று வாங்க வைத்திருந்த தொகையை அனுப்பலாமா என்பதே அவர் கேள்வி.

"தாங்கள் சீட்டு வாங்கினீர்களா?" என்றேன். "இல்லை" என்றார். "உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தை மாதத்தில் சூறையிடும் வாழைப்பழங்கூடக் கூட்டத்தில் நின்று கையேந்தியவருக்கே கிடைக்கிறது. வாங்காத சீட்டுக்குப் பரிசு எங்ஙனம் விழும்?" என்றேன். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

எல்லோரும் மனத்திற் கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, 1968-ம் வருஷத்தில் சர்க்காரே பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியதுண்டு எனினும், 2003-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனையும் தடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, லாட்டரிச் சீட்டு வாங்குவதற்காக அந்நிய நாட்டுக்குப் பணம் அனுப்புவதே 2000-ம் வருஷத்து அந்நியச் செலாவணி விதிகளின்படி கூடாது. மூன்றாவது, மெய்யான பரிசுத் தொகைக்குரிய வருமான வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மிகுதியைத் தருவார். பெறுபவரை முன்பணம் கேட்பதில்லை. நான்காவது, ரிசர்வ் பாங்கி தனி நபர்களுக்குக் கணக்கு வைப்பதுமில்லை; பரிசுப் பணம் வந்திருப்பதாக எவருக்கும் கடிதம் விடுப்பதுமில்லை. சுருங்கச் சொல்லின், பணம் கொடுப்பதற்காகப் பணம் கேட்பவன் திருடன்.

முடிக்கொத்து நோய் நம் பக்கத்து மலைவாழைக்கு விளைத்த நஷ்டத்தை அறியாதார் இலர். நோயுற்ற கன்றும் அசுவினிப் பூச்சியும் அதனைப் பரப்பின. கண்ட நோய்க்கு மருந்தில்லை. மரத்தை அடியோடு அழிப்பதே வழி. ஆகையாற்றான் தாய்மரம் இன்னதென்று விசாரியாமல் கன்று வாங்கலாகாது என்கிறோம். மின்னஞ்சலுக்கும் அதுவே விதி. அனுப்பியவன் இன்னானென்று தெரியாத கடிதத்திற்குப் பதில் எழுதாமலும், அதிற் கண்ட இணைப்பைத் தொடாமலும் உடனே நீக்கிவிட வேண்டும்.

ஆயினும், ஏமாந்தவரைப் பேராசைக்காரரென்று நகைப்பது முறையன்று என்பது என் துணிந்த அபிப்பிராயம். நகைப்புக்கு அஞ்சியே பலர் நஷ்டத்தை மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே லாபம். மேலும் இதில் நம் இலாகாவுக்கும் ஒரு பங்குண்டு. 2018-ல் 'உழவன்' செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னோம். வருஷத்திற்கு 6,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் வழங்கும் பிரதம மந்திரி கிசான் உதவிக்காக, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை இடும்படி பழக்கினோம். அவை நன்மையான காரியங்களே. ஆனால் சர்க்கார் வரும் வழியிலேயே கள்வனும் வருகிறான். மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் உபாயத்தை நாம் கற்பிக்கவில்லை. இனியேனும் இலாகாவின் ஒவ்வோர் அறிவிப்பையும் வேளாண்மை விரிவாக்க மையத்தின் பலகையில் ஒட்டிவைத்தல் வேண்டும். பலகையிற் காணாததைச் சந்தேகிக்க ஜனங்களுக்கு அப்போதுதான் இடமுண்டாகும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பிவிட்டதாக எவரேனும் வந்தால், கடிந்துகொள்ளாமல், அந்த க்ஷணமே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் சொல்லச் செய்யுங்கள். அவருடைய பாங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கை மாறுமுன் தகவல் சென்றால் அதனை நிறுத்திவைக்க இடமுண்டு. தாமதித்தால் மடை உடைந்தபின் வரப்புக் கட்டிய கதையாகும். கிராம சபை கூடும்போது இந்த எண்ணை உரக்கப் படித்துக் காட்டுவதும் நலம்.

சேவுகம்பட்டிக் குடியானவர் அந்தத் தொகைக்குக் கன்றே வாங்கினார். நடுமுன் கிழங்குகளைச் சோதித்துக் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு மாதங்களில் அவர் தார் வெட்டுவார். உழைத்தவருக்கு நிச்சயமாய் விழும் பரிசு அதுவே.