கவ்வாத்துக் கத்தி வாசலுக்கும் வரட்டும்

ஐப்பசி இடி தொடங்கிவிட்டது. தெஹியோவிட்டப் பக்கம் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பின்னேரம் வானம் கறுத்து மழை கொட்டும். லயத்து வாசல்களில் கறிவேப்பிலையும் துளசியும் கற்பூரவள்ளியும் தலைகால் தெரியாமல் வளர்ந்து நிற்கின்றன. அவற்றை வெட்டிவிட இதைவிட நல்ல காலம் இல்லை.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இதற்குள் கத்தியைக் கீழே வைத்திருப்பார்கள். அவர்களுடைய பயம் உறைபனி. ரோஸ்மேரியையோ லாவெண்டரையோ பிந்தி வெட்டினால், புதுத் தளிர் முற்றுவதற்குள் பனி விழுந்து கருகிவிடும். நுவரெலியாவிலும் தை, மாசியில் உறைபனி கொழுந்தைக் கருக்குவதுண்டு. சப்பிரகமுவையின் தாழ்ந்த மலைகளுக்கு அந்தப் பயம் கிடையாது. இங்கே அஞ்ச வேண்டியது அதே தை, மாசியின் வெயிலுக்கு. ஐப்பசியில் வெட்டிய செடிக்கு மார்கழிக்குள் இலை கட்டிவிடும். தையில் வெட்டினால் மொட்டைக் கிளை காய்ந்து பட்டையும் வெடிக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததுதான். தாழ்நாட்டுத் தேயிலையைச் சுமார் 3 ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். மேல்மலையில் 4, 5 ஆண்டுவரை போகும். வெட்டியபின் செடியில் இலை இல்லை. வேரில் சேர்ந்திருக்கும் மாச்சத்துதான் துளிரைத் தள்ளியாக வேண்டும். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், வெட்டுக்கு முன் வேர்த்துண்டில் அயடின் விட்டுப் பார்க்கும் முறையைப் பரிந்துரைக்கிறது: கருநீலம் பாய்ந்தால் மாச்சத்து இருக்கிறது, கத்தி வைக்கலாம். வெக்கையான தாழ்நாட்டுச் செடியில் அந்த இருப்பு குறைவு. அதனால்தான் ஓரக் கிளை ஒன்றிரண்டை இலையோடு விட்டுவைக்கிறார்கள். புதுத் துளிர் வரும்வரை செடிக்குச் சோறு போடுவது அந்தக் கிளைதான்.

கறிவேப்பிலைக்கும் இதே நியாயம். உயர்ந்து போன மரத்தை இடுப்பளவுக்கு இறக்கலாம், ஆனால் ஒரு கிளையாவது இலையோடு நிற்கட்டும். வெட்டு சாய்வாக இருந்தால் தண்ணீர் தங்காது, கட்டை அழுகாது. கத்தி மழுங்கலாக இருந்தால் பட்டை கிழிந்து அந்த வழியாகப் பூஞ்சணம் ஏறும். மழையில்லாத காலையில் வெட்டினால் பின்னேர மழைக்குள் காயம் கொஞ்சம் உலர்ந்துவிடும். துளசிக்கு அவ்வளவு பாடு இல்லை. கதிரைக் கிள்ளிக்கொண்டே வந்தால் பக்கக்கிளை வெடிக்கும். கற்பூரவள்ளியில் ஒடித்த துண்டு ஈரமண்ணில் தானாக வேர்விடும், அதை எறிவது பாவம். ரம்பையை மட்டும் வெட்டக்கூடாது. அடி இலையை எடுத்துக்கொண்டு குருத்தை விட்டுவிட வேண்டும்.

கொழுந்தெடுக்கும் பெண்களின் படம் தேயிலைப் பெட்டிகளில் கூட இருக்கிறது. கவ்வாத்துக்காரரை அப்படி எங்கும் பார்க்க முடியாது. ஒரே வீச்சில் சாய்வு பிசகாமல் வெட்டுவதற்கு வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். ஆனாலும் அந்த வேலைக்குப் பிறகு ஊர் நினைப்பது, அடுப்புக்குச் சுமந்துவரும் மிலாறை, வெட்டி விழுந்த அந்தக் குச்சிகளை, மட்டும்தான். தோட்டப் பாடசாலைகளில் மூலிகைப் பாத்தி போடுகிறார்களே, அங்கே இந்த மாதம் ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர் ஒருவரை அழைத்துக் கத்தியைக் கையில் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் ஒரு கறிவேப்பிலையை வெட்டிக் காட்ட அரைமணி நேரம் போதும். அயடின் சோதனையை விஞ்ஞான ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.