குறுநாவல் படிப்பது குற்றமா?

சென்ற மே மாதப் பள்ளி விடுமுறையில் நாம் ஒரு காரியம் செய்தோம். 31 நாட்களில் 11 குறுநாவல்களைப் படித்தோம். படித்தவற்றைப் பூட்டி வைக்காமல், இன்னின்ன வீட்டுக்கு இன்னின்ன நூல் என்று எழுதிக் கொடுத்தனுப்பினோம். அரபியில் மட்டுமே நம் கைவசம் இருந்தவற்றை, அஸருக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கேட்க வந்தவர்களுக்குத் தமிழில் சொன்னோம். பெண்மக்கள் உள்கூடத்தில் இருந்து கேட்டனர். இவ்வளவே நாம் செய்த குற்றம்.

குற்றம் என்பது நமது சொல்லன்று. பெரியவர் ஒருவர் நமக்கு எழுதியனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தின் சொல். ஓதிப் பட்டம் பெற்ற ஒருவர் கதைப் புத்தகம் சுமந்து திரிவது அழகன்றாம். கதை என்பது பொய்யாம். அப்பொய்யில் பெண்பிள்ளைகளின் பொழுது பாழாகிறதாம். கொடுத்தே தீரவேண்டுமென்றால் கனத்த நூலாகக் கொடுக்கலாகாதா, நூறு பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது என்றும் முடிவில் கேட்டிருக்கிறார். கதையே கூடாது என்று தொடங்கியவர், பெரிய கதையாயிருந்தால் ஆகும் என்று முடிக்கிறார். கடிதம் எழுதும்போதே அவருள் ஏதோ இளகியிருக்கிறது போலும்!

பெரியவரிடம் நமக்கு மரியாதை உண்டு. ஆயினும் விடை சொல்லாதிருப்பது மரியாதையாகாது.

கதை பொய் என்கிறார். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஹரீரியின் ‘மகாமாத்’ பாடநூலாக இருந்தது. பஸராவில் வாழ்ந்து 1122இல் மறைந்த அந்த அறிஞர் இயற்றிய ஐம்பது மகாமாக்களிலும் வருகிறவன் யார்? ஸரூஜ் ஊர் அபூஸைது. ஊர் ஊராக வேடம் மாற்றிச் சென்று, நாவன்மையால் மக்களை உருக்கிக் காசு பறிக்கும் எத்தன். அவன் ஏமாற்றியதையெல்லாம் ஒரு சொல்லும் விடாமல் மனனம் செய்யவைத்து, தவறினால் பிரம்பால் அடித்தார்களே நம் உஸ்தாதுமார்கள்! அபூஸைது என்றொருவன் உண்மையில் வாழ்ந்தானா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. நிகழாததை நிகழ்ந்ததென்று சொல்லி ஏய்ப்பது பொய். கதை என்று அறிவித்துச் சொல்வதும், கதை என்று அறிந்தே கேட்பதும் எங்ஙனம் பொய்யாகும்? அரபி எழுத்தில் இருந்தால் பாடம், தமிழ் எழுத்தில் இருந்தால் பாவம் என்பது எந்தக் கிதாபில் உள்ள சட்டம்?

அளவைப் பற்றி அடுத்துச் சொல்வோம். 1185இல் மறைந்த இப்னு துஃபைல் அந்தலுஸில் புகழ்பெற்ற ஹகீம். கலீஃபாவின் அரண்மனை மருத்துவரும் அவரே. அவர் எழுதிய ‘ஹை இப்னு யக்ழான்’ ஒரு சிறு நூல். ஆளில்லாத் தீவில் மானின் பாலுண்டு வளர்ந்த ஒரு பிள்ளை, ஆசிரியரும் ஏடுமின்றி, தன் அறிவாலேயே படிப்படியாகப் படைத்தவனை உணர்வதே கதை. 1671இல் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியர் வியந்து படித்தனர். பக்கத்தை எண்ணியா வியந்தனர்?

பெரும் நாவல் ஒரு வீதி. சிறுகதை ஒரு சாளரம். குறுநாவல் ஒரே வீடு. முன்வாசலில் நுழைந்து கொல்லைப்புறம் வரை நடந்துவிடலாம். சாளரத்தில் எட்டிப் பார்த்தவனுக்கு அடுக்களை தெரியாது. வீதியில் செல்பவனுக்கும் தெரியாது. நம் இல்லத்து மக்களுக்கோ அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கிடைப்பது ஒரு மணி நேரம். அதிலும் பாதி, பிள்ளைகளுக்குத் தேநீர் போடுவதில் போய்விடும். அறுநூறு பக்க நூலைக் கொடுத்தால் அது தலையணைக்கடியில் உறங்கும். நூறு பக்க நூலோ நான்கு மாலைகளில் முடிந்துவிடும்; ஐந்தாம் மாலையில் அதைப் பற்றிப் பேச ஆளிருக்கும். நாம் குறுநாவலைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் இதுவே.

இனிப் பயனைப் பார்ப்போம். அம்மாதத்தின் இரண்டாம் வாரத்தில் கஸ்ஸான் கனஃபானியின் ‘ரிஜால் ஃபிஷ்ஷம்ஸ்’ கதையைச் சொன்னோம். 1963இல் வெளிவந்தது. அக்கா நகரில் 1936இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் அகதியாகி, 1972இல் பெய்ரூத்தில் தம் காரில் வைக்கப்பட்ட வெடிகுண்டால் சகோதரியின் மகளுடன் கொல்லப்பட்ட பலஸ்தீனர் அவர். கதையில் ஒரு முதியவர், ஓர் இளைஞன், இன்னும் மீசை அரும்பாத ஒரு சிறுவன் ஆகிய மூவர், பிழைப்புத் தேடி பஸராவிலிருந்து குவைத்துக்குள் கள்ளத்தனமாக நுழையப் புறப்படுகின்றனர். தண்ணீர் லாரியின் காலித் தொட்டியே அவர்களுக்கு மறைவிடம். ஆகஸ்டு மாத வெயில். எல்லைச் சாவடியில் ஓர் அதிகாரி, நாட்டியக்காரி ஒருத்தியின் பெயரைச் சொல்லி ஓட்டுநரைக் கேலி செய்து சில நிமிடங்கள் நிறுத்திவைக்கிறான். அந்தச் சில நிமிடங்களில் தொட்டிக்குள் மூவரும் இறந்துவிடுகின்றனர். உடல்களைக் குப்பைமேட்டருகே இறக்கிவைத்த ஓட்டுநர், சிறுவனின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொள்கிறான். பிறகு, தொட்டியின் சுவரை ஏன் அவர்கள் தட்டவில்லை என்று பாலைவனத்தை நோக்கிக் கதறுகிறான்.

சொல்லி முடித்தபோது பாங்கு ஒலித்தது. எல்லோரும் எழுந்தனர். உள்கூடத்திலிருந்து ஒரு தாயின் குரல் கேட்டது. அவருடைய மகன் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். ஊர் வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன.

“ஹஜரத், அந்த மூணு பேரோட உம்மாமாருக்கு யாரு சேதி சொன்னா?”

அறுபது ஆண்டுகளாக இக்கதையைப் பற்றி அரபுலகில் எழுதியவை ஏராளம். அவற்றுள் நாம் பார்த்த எதிலும் இக்கேள்வி இல்லை. கதையிலும் விடை இல்லை. நாம் வாயடைத்து நின்றோம். பொழுது பாழாயிற்று என்று எழுதிய பெரியவர் அன்று உடனிருந்திருக்கவேண்டும். வளைகுடாப் பணத்தில் மாடி கட்டியவர்கள் நிறைந்த தெரு இது. அனுப்பிய பணத்துக்குக் கணக்கு எழுதியிருக்கிறோம். கொடுத்த விலைக்கு எவரும் கணக்கு எழுதியதில்லை.

யஹ்யா ஹக்கியின் ‘கிந்தீல் உம்மு ஹாஷிம்’ (1944) சொன்னபோது வேறுவிதச் சண்டை மூண்டது. கெய்ரோவில் ஸையிதா ஸைனப் பள்ளிவாசலின் நிழலில் வளர்ந்த இஸ்மாயீல், இங்கிலாந்தில் கண் மருத்துவம் கற்றுத் திரும்புகிறான். மாமன் மகளோ என்று நாம் முதலில் தவறாகச் சொல்லிவிட்டோம். பாத்திமா அவனுடைய சிற்றப்பன் மகள். நோயுற்ற அவள் கண்ணில் தாய் விளக்கெண்ணெய் விடுவதைக் கண்டு வெகுண்டு, பள்ளிவாசலுக்குச் சென்று விளக்கையே உடைக்கிறான். பின்னர் அவன் செய்த மருத்துவத்தில் அவள் பார்வை முற்றும் போய்விடுகிறது. கேட்டவர்களில் தர்கா செல்வோர் சிலர் மகிழ்ந்தனர். செல்லாதோர் முகம் சுளித்தனர். இரு சாராரும் முடிவு வரை பொறுக்கவில்லை. இஸ்மாயீல் மீண்டும் வருகிறான். அறிவையும் விடவில்லை, தன் மக்களையும் விடவில்லை. பாத்திமாவின் கண் தெளிகிறது. அரைக்கதை கேட்டுக் கட்சி கட்டும் இப்பழக்கம் நம்மவர்க்குக் கதையில் மட்டுமா இருக்கிறது!

பஷீரின் ஆனைக்கதையோ எல்லா வீட்டிலும் சிரிப்பை எழுப்பியது. 1951இல் மலையாளத்தில் வந்த கதை. உப்பப்பாவுக்கு ஆனை இருந்ததென்று ஓயாமல் பெருமை பேசும் தாய்; சொத்தெல்லாம் இழந்து குடிசைக்கு வந்த பின்னும் அதே பேச்சு. தெருப்பிள்ளைகள் கடைசியில் சொல்கின்றனர்: அது மணலில் குழி பறிக்கும் குழியானைப் பூச்சியாம்! நம் தெருவில் கப்பல் வைத்திருந்த முப்பாட்டனார்களின் எண்ணிக்கை, அன்றிருந்த கப்பல்களைவிட அதிகம் என்பது நமது ஐயம். மறுநாள் இரண்டு வீடுகளில் அப்பேச்சு சற்றுத் தணிந்திருந்தது.

ஒரு பிழையை ஒப்புக்கொள்வோம். ஒரு நூலை முழுதும் படியாமல், ஆசிரியர் பெயரை நம்பி ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். மறுநாளே அந்த வீட்டு அம்மையார் தாளில் பொதிந்து திருப்பியனுப்பினார். பொதிந்த விதமே கண்டனமாக இருந்தது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மலிவுக் கதைகளைப் பெரியவர் எண்ணியிருந்தால், அவற்றுக்காக நாம் வாதாடவில்லை. கள்ளநாணயம் உண்டென்பதற்காக எவரும் நாணயத்தையே ஒழிப்பதில்லை.

கதை நமக்கு அந்நியச் சரக்கு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். தமிழில் முதல் நாவல் 1879இல் அச்சேறியது. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியின் சித்தி லெப்பை ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். 1938இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா’ எழுதினார். இன்று ஒரு பெண்பிள்ளை கதை படிக்கலாமா என்று கடிதம் எழுதுகிறோம். அன்று ஒரு முஸ்லிம் பெண்மணி கதையை எழுதியே அச்சிட்டுவிட்டார்.

கடிதத்துக்கு நேர்விடையாகப் பஷீரின் நூலைப் பெரியவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பியுள்ளோம். அவருடைய பேத்தி வாங்கிக்கொண்டாள். வாப்பா ஊரில் இல்லை, வருவதற்குள் தான் படித்துவிடுவதாகச் சொன்னாளாம்.