ஆர்மோனியத்துக்கு ரசீது கேட்கிறார்கள்!

கலைக்கு மானியம் உண்டா என்று கேட்டால், "உண்டு" என்கிறது டில்லி. "எங்களிடமும் உண்டு" என்கிறது சென்னை. இரண்டும் உண்மைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் சங்கரன்கோவிலில் பகல் முழுதும் விசைத்தறியோடு மல்லுக்கு நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் நாலு பேராகக் கூடி நாடகப் பாட்டுப் பழகும் வாலிபனுக்கு அந்த மானியத்தில் காலணாவாவது வந்து சேருமா? கல்லூரி மாணவர்கள் ஒன்று சேர்ந்து பாட்டும் வசனமுமாக ஒரு நாடகம் போட எண்ணினால், அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது? இதுவே நம் கேள்வி.

இசை நாடகம் நம் சீமைக்கு இரவல் சரக்கல்ல. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் அதற்கு உருவும் ஒழுங்கும் கொடுத்தவர். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் இன்றைக்கும் கிராமத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. கிட்டப்பா யார்? இன்று நம் தென்காசி ஜில்லாவில் இருக்கும் செங்கோட்டைக்காரர். வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையிலே பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ் யார்? சிவகாசியிலே, முடிதிருத்தும் குடும்பத்திலே பிறந்தவர். 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில், முருகன் வேஷத்தோடு மயில் மீது அமர்ந்தபடியே உயிர் நீத்தார். இவர்களுக்கு எந்த சர்க்கார் மானியம் கொடுத்தது? மானியமா! வாரண்டுதான் கொடுத்தது.

அதற்காக அது பொற்காலம் என்று பாட்டுப் பாட நாம் வரவில்லை. பாலர் கம்பெனிகளில் பிஞ்சுப் பிள்ளைகள் அடியும் பசியும் பட்டுத்தான் தொழில் கற்றார்கள். கம்பெனி நொடித்தால் நடிகன் நடுத்தெருவில் நின்றான். டிக்கெட் வசூலை மட்டும் நம்பிய கலை எப்படிக் கருகும் என்பதை அந்தச் சரித்திரமே சொல்லும். ஆகையால்தான் பொதுப்பணம் கலைக்கும் வேண்டும் என்கிறோம்.

பொதுப்பணம் எப்படி வருகிறது? டில்லியில் சங்கீத நாடக அகாடமி 1953-ல் திறக்கப்பட்டது. சென்னையில் 1955-ல் பிறந்த சங்கீத நாடக சங்கம், 1973 முதல் இயல் இசை நாடக மன்றம் என்று பெயர் பெற்றது. நலிந்த கலைஞருக்கு மாத உதவி, புதிய நாடகத் தயாரிப்புக்கு நிதி என்று அங்கே திட்டங்கள் இருக்கின்றன. நல்லவை, வரவேற்கிறோம். மத்திய கலாசார இலாகாவும் விழாக்களுக்கும் தயாரிப்புகளுக்கும் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை உதவும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் விதிகளைத்தான் நம் தோழர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

சங்கம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவாகி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். தணிக்கையாளர் கையெழுத்திட்ட வரவுசெலவு வேண்டும். செலவில் கால் பங்கைச் சங்கமே போட வேண்டும். மானியத்திலும் ஒரு பகுதி, நாடகம் முடிந்து கணக்குக் கொடுத்த பிறகே கைக்கு வரும். கணக்குக் கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. ஜனங்களின் பணத்துக்குக் கணக்கு வேண்டும்தான். ஆனால் இந்த விதிகளின் பொருள் என்ன? கையில் முன்பணம் இருப்பவனுக்கே மானியம்! பட்டப்படிப்பே மூன்று வருஷம். மாணவன் சங்கத்தைப் பதிவு செய்து, மூன்று வருஷம் காத்திருந்து, மனு எழுதி முடிக்கும்போது அவன் ஊர் திரும்பி வேலை தேடிக்கொண்டிருப்பான். மனுப் போடும் உரிமை இருக்கிறது, மனுப் போடும் ஆள் இல்லை!

ரசீதுக்கு வருவோம். ஓர் இரவு நாடகத்துக்கு என்ன வேண்டும்? மேடை, பந்தல், மைக்செட், சீன் படுதா, வேஷ உடுப்பு. ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பக்கத்தில் தாளம் முதல் இடி முழக்கம் வரை எல்லாச் சத்தமும் எழுப்பும் ஆல்ரவுண்டுக்காரர். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடிகர்கள் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து, சுவாமிகளின் பாடலை நம்பியே விடியும் வரை ஆடுவார்கள். வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து முடிகிற ஒப்பந்தத்துக்கு அச்சடித்த பில்லும் வரி எண்ணும் எங்கே போய்த் தேடுவது? பெரிய நகரத்துச் சபாவுக்கு ஆடிட்டர் இருக்கிறார். தறிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த ஆர்மோனியம் பட்ட பாடே ஒரு தனிக் கதை. 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. சுதேச சங்கீதத்துக்கு ஒவ்வாத வாத்தியமாம்! வெள்ளைக்காரன் போன பின்பும் அந்தத் தடை போகவில்லை. 1971 வரை நீடித்தது. நாடக மேடையின் ராஜாவுக்கு வானொலி வாசலில் இடமில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் பாடப் பட்டியலைப் பாருங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். ஏழும் அருமையான கலைகள். ஆனால் நாடகப் பாட்டுக்கென்று எட்டாவதாக ஒரு பாடம் வைக்க யாருக்கும் தோன்றவில்லையே! பாமரன் கூடிக் கேட்கும் சங்கீதம் பாடமாகாது என்பது யார் வகுத்த சாஸ்திரம்?

பள்ளிகளில் நிலைமை சற்றே தேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. ஏழைப் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? ஓவியம், இசை, உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்குமாக 2012-ல் மாநிலம் முழுதும் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியராக, மாதம் 5,000 ரூபாய்க்கு, அமர்த்தினார்கள். அதன் பின் அவர்கள் தெருவில் நின்று நடத்திய போராட்டங்கள் எத்தனை! பரிசுக் கோப்பை வாங்கும் அக்கறையில் பாதி, வாத்தியார் சம்பளத்திலும் இருந்திருக்கலாம்.

மானியத்தின் மறுபக்கத்தையும் மறந்துவிடலாகாது. 1984 முதல் 1994 வரை சங்கீத நாடக அகாடமி இளம் நாடகக்காரர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றை நடத்தியது. நாட்டுப்புற மரபைத் தழுவிய நாடகத்துக்கே ஆதரவு என்றது. விளைவு? கதை கேட்கிறதோ இல்லையோ, மேடையில் கொஞ்சம் கூத்தும் கொஞ்சம் தப்பாட்டமும் கட்டாயம் வந்து நின்றன! நாடகத்தின் உருவத்தையே பணம் தீர்மானித்தது என்ற குறை அன்றே எழுந்தது. அமெரிக்காவிலோ இன்னும் ஒருபடி மேல். வேலையற்ற கலைஞருக்காக 1935-ல் சர்க்காரே ஒரு நாடகத் திட்டம் தொடங்கியது. 1937 ஜூனில், உருக்காலை ஊர் ஒன்றில் தொழிற்சங்கம் எழுவதைச் சொல்லும் இசை நாடகம் அதில் அரங்கேற இருந்தபோது, அரங்கத்தையே பூட்டினார்கள். நடிகர்கள் சும்மா இருந்தார்களா? கூட்டத்தோடு நடந்து வேறொரு கொட்டகைக்குப் போய், ரசிகர்களின் இருக்கைகளிலிருந்தே எழுந்து எழுந்து பாடி முடித்தார்கள். 1939-ல் அந்தத் திட்டத்தின் தலையிலேயே கை வைத்தது காங்கிரஸ் என்னும் அந்நாட்டு மன்றம். நம் ஊரிலும் 1954-ல் வந்த நாடகச் சட்டம், கதையை முன்கூட்டியே காட்டு என்று மிரட்டும் அதிகாரத்தை 2013 வரை வைத்திருந்தது. ஐகோர்ட்தான் அதை அடித்துப் போட்டது.

ஆகவே சர்க்காரிடம் உரிமையோடு கேட்பது ஒரு கை. நம் சொந்த நிதி மறு கை. நியூயார்க்கில் துணி தைக்கும் தொழிலாளர் சங்கம் அதே 1937-ல் ஓர் இசை நாடகம் போட்டது. நடித்தவர்கள் வெட்டுக்காரர்களும் தையல்காரப் பெண்களும். வேலை நாளில் ஆட முடியாது என்று முதலில் வார இறுதியில் மட்டும் ஆடினார்கள். அது ஆயிரம் ஆட்டத்தைத் தாண்டியது! அவ்வளவு தூரம் போவானேன்? செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கொல்லம். அங்கேதான் 1952-ல் கே.பி.ஏ.சி.யின் "நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி" மேடை ஏறியது. தோப்பில் பாசியின் கதை, ஓ.என்.வி.யின் பாட்டு, தேவராஜனின் இசை. மறு வருஷமே தடை போட்டார்கள். தடை நிற்கவில்லை, பாட்டு நின்றது.

கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்திப் பழகிய ஊர் சங்கரன்கோவில். அந்த ஊரிலே வருஷத்துக்கு ஒரு நாடகத்துக்குச் சங்கத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் என்று பிரித்தால் பிரியாதா? அதோடு நில்லாமல் நகராட்சியிடம் கேட்போம்: ஒத்திகைக்கு மாலை நேரத்தில் ஒரு பள்ளிக் கட்டடம், வாடகையில்லாமல்; சிறு தொகையானாலும் நாடகத்துக்கு முன்பே கையில் கொடுக்கும் உதவி; பதிவுச் சான்றுக்குப் பதில் தலைமையாசிரியரோ தொழிற்சங்கச் செயலாளரோ தரும் உறுதிக் கடிதம்; ஆர்மோனியக்காரரின் கையெழுத்தே ரசீது. ஊர் மக்கள் முன் மேடையில் நடக்கும் நாடகத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

ஆடித்தபசுக்கு முன்பாகவே அந்த மனு போய்ச் சேர வேண்டும். மனுவில் மாணவர்களும் தறித் தொழிலாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். நகல் ஒன்றை நமக்கும் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், தேதியோடு வெளியிடுகிறோம்.