பொறுமை எங்கள் பிறவிக் குணம் அல்ல

"பொம்பளைக கைக்குத்தான் சரம் படியும்" என்பார் சிவகாசியில் அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலையின் போர்மேன். அதைப் பாராட்டு என்றே அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். சனிக்கிழமைக் கூலியை எண்ணும்போதுதான் சூது புரிந்தது. கைப்பக்குவம் பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனியாகக் காசு தரவேண்டியதில்லை.

இந்தக் கோபத்தை எனக்குத் தெளிவாக்கியது ஒரு கலைப்படைப்பு. 1957இல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்த ஷீலா கௌடா ஓவியராகத் தொடங்கியவர். 1990களில் சாணம், நூல், குங்குமம் எனப் பெண்களின் கைபடும் பொருட்களுக்கு வந்தார். விமர்சகர்கள் அவரைப் 'பின்-மினிமலிசம்' என்ற வரிசையில் வைக்கிறார்கள். அலங்காரத்தைக் குறைத்து, பொருளையும் அது செய்யப்பட்ட விதத்தையும் பேசவிடும் கலை அது.

1998இல் அவர் செய்த படைப்பின் தலைப்பைத் தமிழில் 'அவனிடம் என் வலியைச் சொல்' எனலாம். நீள நீளமான தையல் நூல்கள். ஒவ்வொன்றும் ஊசிக்காதில் கோத்துப் பாதி நீளம்வரை இழுக்கப்பட்டது. அவற்றைச் சேர்த்துக் குங்குமமும் பசையும் பூசினால் சிவப்புக் கயிறு. சுவரிலும் தரையிலும் அது குடல்போல் சுருண்டு கிடக்கிறது. நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன.

இதைப் படத்தில் பார்த்துவிட்டு 'தியானம்', 'பெண்மையின் பொறுமை' என்று உருகுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அது போர்மேனின் பேச்சேதான், சட்டைதான் வேறு. அந்தக் கயிறு காட்டுவது பொறுமையை அல்ல, நேரத்தை. எத்தனை முறை கை நீண்டு மடங்கியது என்று அது கணக்குக் கேட்கிறது. பீஸ் கணக்குக் கூலி மறைப்பது அந்தக் கணக்கைத்தான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. புகையையும் குப்பையையும் நினைத்தால் அது நியாயமே. ஆனால் இருபது வருஷம் பின்னிய அம்மாவின் கை, அடுத்த வேலை தேடிப் போன இடத்தில் 'தொழில் தெரியாத கை' ஆகிவிட்டது. பிறவிக் குணத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

ஷீலா கௌடாவின் கயிற்றுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. அது அவருக்கு உரியது. கையின் வேலையில் மூளையும் இருக்கிறது என்று கலைக்கூடத்தில் ஒப்புக்கொள்கிறவர்கள், விருதுநகர் மாவட்டத்துக் கூலிச் சீட்டிலும் ஒப்புக்கொள்ளட்டும் என்பதே என் வழக்கு.

தோழிகளே, இனி யாராவது "பெண்களுக்குப் பொறுமை அதிகம்" என்றால் சிரித்து நகராதீர்கள். மணிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேளுங்கள்.