இன்சுலின் போட்டால் விமானம் ஓட்டக் கூடாதா?

லாஸ்பேட்டை விமானத் தளத்திலிருந்து விமானம் கிளம்பும்போது அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் ஒருவனுக்கு விமானி ஆக ஆசை என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு முதல் வேலி பணம். அந்தப் படிப்புக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். அதை எப்படியோ தாண்டினாலும், சர்க்கரை வியாதிக்காக இன்சுலின் போடுகிறவன் என்றால் இரண்டாவது வேலி எழுந்து நிற்கிறது. இன்சுலின் போடுகிறவர் தகுதியற்றவர் என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. நம் நாட்டிலும் அந்த வழக்கமே இருந்து வருகிறது. ஆளைப் பரிசோதித்துச் சொல்லும் தீர்ப்பு அல்ல இது. ஊசியைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு.

வயலிலும் ஆலையிலும் உழைக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று அது கணக்கிட்டது. புதுச்சேரியில் வயது வந்தவர்களில் 100-க்கு 26 பேர். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்ற பேச்சு பழங்கதையாகிவிட்டது.

விதியை எழுதியவர்களின் பயம் பொய்யல்ல. இன்சுலின் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடுமாறும், மயக்கமும் வரும். நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறப்பவருக்கு அது நேரக் கூடாது. பிரயாணிகளின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் பயத்துக்கு மருந்து தடை அல்ல, பரிசோதனை. பிரிட்டன் 2012-ல் இன்சுலின் போடும் விமானிகளுக்கு நிபந்தனையோடு தொழில் அனுமதி தந்தது. பறக்கும் முன் சோதனை, பறக்கையில் மணிக்கொரு சோதனை, தரையிறங்கும் முன் அரை மணிக்குள் மறுபடி சோதனை. அளவு 90-க்கும் 270-க்கும் இடையில் இருந்தால் பச்சை. 70-க்குக் கீழே போனால் சிவப்பு. உடனே மற்ற விமானியிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இப்படி 49 விமானிகள் 22,078 மணி நேரம் பறந்ததன் கணக்கு 2020-ல் வெளியாயிற்று. 38,621 சோதனைகளில் 100-க்கு 97-க்கு மேல் பச்சை. ஒரு விமானிகூட ஆகாயத்தில் செயலிழக்கவில்லை. அமெரிக்காவும் 2019 நவம்பரில் தன் பழைய தடையைத் தளர்த்தியது.

அதற்கும் முன்னால், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்த டக்ளஸ் கெய்ர்ன்ஸ் 1989-ல் இந்த வியாதியால் விமானி வேலையை இழந்தார். அவரே 2002-03-ல் சிறு விமானத்தில் உலகைச் சுற்றி வந்தார். அவரை விலக்கிய விதி தவறா, அவர் பறந்தது தவறா?

குருட்டுத் தடையால் இன்னொரு கேடும் உண்டு. வேலை போகும் என்றால் மனிதன் வியாதியை மறைப்பான். மறைத்த வியாதிதான் உண்மையான அபாயம். சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் மெஷினில் நிற்கும் தொழிலாளியும் இதே நிலையில்தான் இருக்கிறான். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் கணக்குத் தீர்த்துவிடுவார் என்று கக்கூசில் ஒளிந்து ஊசி போடுகிறவன் உண்டு. பாகூர் வயலில் நடவு முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மயங்கி விழும் பெண்ணும் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. சர்க்கரை வியாதி அதில் இல்லை.

இந்த மண்ணில் 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளிகள் 12 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு மணி வேலை சட்டமாயிற்று. வேளைக்குச் சோறு உண்ணும் நேரம்கூட யாரும் தானமாகத் தந்ததல்ல.

இன்சுலினைப் பாண்டிங்கும் பெஸ்டும் டொரண்டோவில் 1921-ல் கண்டார்கள். அதன் உரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். இன்று உலகச் சந்தையின் பெரும் பகுதி மூன்று கம்பெனிகளின் கையில்!

ஆகவே நாம் கோருவது இது. இன்சுலின் போடும் விமானிகளைத் தனித்தனியே பரிசோதித்துத் தகுதி சொல்ல மத்திய சர்க்கார் விதி செய்ய வேண்டும். வியாதியைச் சொன்ன காரணத்துக்காக எந்தத் தொழிலாளியையும் நீக்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நேரம் தர வேண்டும். இன்சுலினும் சோதனைப் பட்டையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்வோம். வயலுக்கோ ஆலைக்கோ போகும்போது மடியில் ஒரு வெல்லக்கட்டி இருக்கட்டும். பக்கத்தில் நிற்கும் தோழருக்கு நம் வியாதி தெரிந்திருக்கட்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.