பிள்ளை கூட்டியாச்சு... அப்புறம்?

எங்க ஐயா, அதாவது அப்பச்சியோட அப்பச்சி, நெற்குப்பையில பிறந்தவர் இல்லை. பிள்ளை வந்தவர். ஒன்பது வயசுல மாட்டு வண்டியில கூட்டிட்டு வந்து, மஞ்சள் தண்ணி குடிக்க வச்சு, பேரையும் மாத்தி, இந்த வீட்டுப் பிள்ளை ஆக்கிட்டாங்க. எண்பது வயசு வரைக்கும் இருந்தார். அந்த நாளைப் பத்தி ஒரே ஒரு வரிதான் எங்கிட்ட சொல்லியிருக்கார்: "திருவிழாவுக்குப் போறோம்னு சொன்னாங்கடா."

(பதிவு கொஞ்சம் நீளம் மக்களே. காபி போட்டு வச்சுக்கங்க :-))

செட்டிநாட்டுப் பக்கம் வராதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நகரத்தார் வீடுகள்ல பிள்ளை இல்லைன்னா அதே கோவில் பிரிவுல இருந்து ஒரு பையனைச் சுவீகாரம் எடுப்பாங்க. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டின்னு ஒன்பது கோவில். இந்தக் கோவில்காரங்க அந்தக் கோவில் பிள்ளையைக் கூட்ட முடியாது. கவிஞர் கண்ணதாசன் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1927ல சிறுகூடல்பட்டியில முத்தையாவாப் பிறந்து, காரைக்குடி வீட்டுக்கு நாராயணனாப் போனவர். ஏழாயிரம் ரூபாய்க்குன்னு தொகையும் சேர்த்தே சொல்லுவாங்க. 1956ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம்கூட பதினஞ்சு வயசுக்கு மேல தத்து கூடாது, கல்யாணம் ஆனவரைக் கூடாதுன்னு சொல்லிட்டு, "வழக்கம் இருந்தால் பரவாயில்லை"ன்னு ஒரு வாசலைத் திறந்து வச்சிருக்கு.

ஆக, அடுத்த வீட்டுப் பிள்ளையை நம்ம வீட்டுல வளர்க்குறது நமக்குப் புதுசே கிடையாது. "ஃபாஸ்டர் கேர் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம ஊருக்கு ஒத்து வராது"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். முறைக்கு நம்மகிட்ட பஞ்சமே இல்ல. யார் கொடுக்கலாம், யார் எடுக்கலாம், சொத்து யாருக்கு, எல்லாத்துக்கும் முறை உண்டு. அந்தப் பிள்ளை ராத்திரி எங்க படுக்கும், அழுதா யார்கிட்ட போகும்ங்கறதுக்குத்தான் முறை இல்லாமப் போச்சு.

இப்ப ஏன் இந்தக் கொசுவத்திச் சுருள்னு கேட்டா, காரணம் இருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்திட்டேன்.) 2021 கொரோனாவுல அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ட்டாங்க. பொண்ணு அத்தை வீட்டுக்கு வந்துச்சு. அந்த வருஷம் மே மாசம் தமிழக அரசு அறிவிச்சது ஞாபகம் இருக்கும்: இரண்டு பேரையும் இழந்த பிள்ளை பேர்ல அஞ்சு லட்சம் வைப்புத்தொகை, சொந்தக்காரங்க வீட்டுல வளர்ந்தா பதினெட்டு வயசு வரைக்கும் மாசம் 3,000 ரூபாய். நல்ல திட்டம். நான் அதைக் குறை சொல்லல.

போன வருஷம் அந்த அத்தை எங்க வீட்டு முகப்புல உக்காந்து எங்க ஆத்தாகிட்ட ஒரே புலம்பல். "ஆச்சி, புள்ள திருடுது. தலகாணிக்கு அடியில பிஸ்கட்டு, உறைக்குள்ள முறுக்கு. கேட்டா பொய் சொல்லுது. என் மகன் வேற அவகூடப் பேசவே மாட்டேங்குறான். நான் என்ன குறை வச்சேன்?"

பள்ளிக்கூடத்துல சொல்லி ஒரு கவுன்சலர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. யார், எங்கங்கறது வேண்டாம். பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசினாங்களாம். "அத்தை உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறாங்க, நீ நல்லா நடந்துக்கணும்"னு அறிவுரை. வெளியே வந்து அத்தைகிட்ட, "சொல்லியிருக்கேன், சரியாயிடும்." அவ்வளவுதான். பஸ் ஏறி ஊருக்கு வந்தாச்சு. தலகாணிக்கு அடியில பிஸ்கட்டு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

இடம் மாறி வளர்ற பிள்ளைங்க சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறது உலகம் பூரா இருக்கிற விஷயம். அது திருட்டு இல்லீங்க, பயம். நாளைக்கு இங்கயும் இடம் இல்லைன்னு ஆயிட்டா? அந்த வீட்டுல மாசாமாசம் "மூவாயிரம் வந்துச்சா?"ன்னு கூடத்துல நின்னு சத்தமாக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தப் பொண்ணோட அம்மாவைப் பெத்த ஆயா போன் பண்ணினா, "புள்ள அழுகும்"னு கட் பண்ணிடுவாங்களாம். பதினொரு வயசுப் பிள்ளை இந்த ரெண்டையும் கூட்டிப் பார்த்தா என்ன விடை வரும்?

இந்த மாதிரி விஷயங்களைத்தான் குடும்ப சிகிச்சைன்னு ஒரு துறை அறுபது எழுபது வருஷமாப் பேசிக்கிட்டு இருக்கு. சால்வடோர் மினுச்சின்னு ஒரு டாக்டர். நியூயார்க் பக்கம் வில்ட்விக்னு ஒரு விடுதிப் பள்ளியில ஏழைப் பையன்களோட வேலை பார்த்தார். விடுதியில தேறுற பையன் வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆயிடுறான். அப்ப பையனை மட்டும் உக்கார வச்சுப் பேசி என்ன பிரயோஜனம்னு குடும்பத்தையே கூப்பிட்டு உக்கார வச்சார். 1967ல அதைப் புத்தகமாவும் எழுதினாங்க. பின்னாடி ஃபாஸ்டர் கேர் பிள்ளைங்களுக்காகவும் வேலை செஞ்சார். வளர்க்கிற வீட்டையும் பெத்த வீட்டையும் எதிரியாக்காம, பிள்ளைக்காக ஒரே அறையில உக்கார வைக்கணும்ங்கறது அவர் கட்சி. எங்க ஐயா காலத்துல யாராவது இதைச் செஞ்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிக்காத நாள் கம்மி. அவரைப் பெத்த ஆத்தா செத்தப்ப இவர் துக்கத்துக்குப் போய் விருந்தாளி மாதிரி நின்னுட்டு வந்திருக்கார்.

இதுக்கெல்லாம் அமெரிக்காவுக்குப் போகணும்னுகூட இல்லை. வேலூர் சிஎம்சி மனநல மையத்துல நோயாளியோட சொந்தக்காரங்களையும் சேர்த்துத் தங்க வைக்கிற பழக்கம் ரொம்ப காலமா உண்டு. 1950கள்லயே அமிர்தசரஸ்ல வித்யா சாகர்னு ஒரு டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்துலயே கூடாரம் அடிச்சு குடும்பங்களை இருக்கச் சொன்னவர். குடும்பம் இல்லாம வைத்தியம் இல்லைங்கறது நம்ம நாட்டு டாக்டர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அது நெற்குப்பைக்கு வரலை, அதான் என் ஆதங்கம்.

இன்னொரு ஆராய்ச்சி. ருமேனியாவுல 2000ஐ ஒட்டி ஆரம்பிச்சாங்க. புகாரெஸ்ட் விடுதிகள்ல இருந்த 136 குழந்தைங்க. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு, மீதிப்பேர் வழக்கம்போல. 2007ல சயன்ஸ் பத்திரிகையில முடிவு வந்துச்சு. குடும்பத்துல வளர்ந்தவங்களுக்கு அறிவு வளர்ச்சி நல்லா இருந்துச்சு, அதுலயும் ரெண்டு வயசுக்குள்ள போனவங்களுக்கு இன்னும் நல்லா. இதை மேற்கோள் காட்டி எல்லாரும் "பாத்தீங்களா, விடுதியை விட வீடு நல்லது"ன்னு முடிச்சுடுறாங்க. அந்த ஊர்ல அப்ப ஃபாஸ்டர் கேர்னு ஒண்ணு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆராய்ச்சிக்காரங்களே குடும்பங்களைத் தேடி, பயிற்சி கொடுத்து, சமூகப் பணியாளர்களை விடாம அந்த வீடுகளுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. வீடு மட்டும் ஜெயிக்கலைங்க. வீடும், அந்த வீட்டுக்கு வந்து போன ஆளும் சேர்ந்துதான் ஜெயிச்சது.

நம்ம சட்டத்துலயும் எல்லாம் இருக்கு. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 44வது பிரிவு ஃபாஸ்டர் கேருக்குத்தான். 2016ல வழிகாட்டி நெறிமுறை, 2024ல அதைத் திருத்தி, கல்யாணம் ஆகாதவங்க, தனியா இருக்கறவங்களும் எடுத்து வளர்க்கலாம், ரெண்டு வருஷம் வளர்த்தா தத்தெடுக்கவும் கேக்கலாம்னு ஆக்கினாங்க. மிஷன் வாத்சல்யாவுல மாசம் 4,000. 2025 செப்டம்பர்ல நம்ம மாநிலத்துல அன்புக் கரங்கள் வந்துச்சு, மாசம் 2,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல ஆற்றுப்படுத்துநர்னு ஒரு பணியிடமும் இருக்கு. அலகு இருக்கறது சிவகங்கையில. பணம் பேங்க் கணக்குக்கு வந்துடும். ஆள் வரணும்னா திருப்பத்தூர் வந்து பஸ் மாறி வரணுமே!

இனி சொந்தக் கதை. நானும் ஒரு தடவை கவுன்சலிங் பயிற்சிக்குப் போனேன். ரெண்டு நாள். ஒரு ஏசி ஹால், பவர்பாயிண்ட், மதியம் பிரிஞ்சி. கேட்பது எப்படின்னு ரெண்டு மணி நேரம் ஒருத்தர் எங்களைப் பேசவே விடாமப் பேசினார் :-) சாயங்காலம் சர்டிபிகேட். எந்த அமைப்புன்னு சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தைக்கூட கண்ணால பார்க்காம நான் "பயிற்சி பெற்றவன்" ஆயிட்டேன்.

மினுச்சின் கோஷ்டி 1960களின் கடைசியில பிலடெல்பியாவுல என்ன பண்ணினாங்க தெரியுமா? டிகிரி இல்லாத, அதே ஏழைத் தெருக்கள்ல இருந்து வந்த ஆட்களை எடுத்து குடும்ப ஆலோசகர் ஆக்கினாங்க. பாடம் கொஞ்சம்தான். முதல்லருந்தே நிஜக் குடும்பத்தோட உக்காரணும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுபவஸ்தர் பாத்துக்கிட்டே இருப்பார், தப்பு பண்ணினா அங்கேயே திருத்துவார். டிரைவிங் கத்துக்கற மாதிரி. பக்கத்துல பிரேக்குல கால் வச்சுக்கிட்டு ஒருத்தர்.

எனக்கு வேணும்கறது இதுதான். நம்ம பக்கம் சுய உதவிக் குழு நடத்தின பெண்கள், ரிட்டயர் ஆன டீச்சர், அங்கன்வாடியில இருந்தவங்க, எத்தனை பேர்! நாலு ஊருக்கு ஒருத்தர். மேல, பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி இடத்துல படிச்ச ஒருத்தர் வாரம் ஒரு தடவை போன்லயாவது "அந்த வீட்டுல என்ன ஆச்சு?"ன்னு கேக்கணும். பணம் வாங்குற ஒவ்வொரு வீட்டுக்கும் மாசம் ஒரு நடை போகணும். தணிக்கைக்கு இல்லை, உக்காந்து பேச.

"உள்ளூர் ஆள்கிட்ட வீட்டு விஷயத்தை யாரு சொல்லுவா? மறுநாள் சந்தையில பேச்சாயிடும்"னு என் வீட்டம்மாவே கேட்டாங்க. நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. ஒரு ஊர் ஆளை இன்னொரு ஊருக்கு அனுப்பலாம், மேல கேள்வி கேக்க ஆள் இருந்தா வாயும் கொஞ்சம் கட்டும். ஆனா இன்னிக்கு மட்டும் ரகசியமாவா இருக்கு? எங்க முகப்புல நடந்த புலம்பல் தெருவுக்கே கேட்டுச்சு.

அந்த வீட்டுல என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. எங்க ஆத்தா எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. அவங்க சொன்னது ரெண்டே: "அந்த ஆயாவை ஒரு நாள் வரச் சொல்லு. ரூவாக் கணக்கை அவ காதுல விழாமப் பேசு." அத்தைக்குக் கோபம்தான் வந்துச்சு. "நான் வளக்குறேன், அவுக வந்து நிப்பாகளா?"ன்னாங்க. ரெண்டு மாசம் எங்க வீட்டுப் பக்கமே வரலை. அப்புறம் தீபாவளிக்கு ஆயாவைக் கூப்பிட்டிருக்காங்க. மூணு நாள் இருந்துட்டுப் போனாங்க. பிஸ்கட்டு இன்னும் நிக்கலை, ஆனா இப்ப அத்தையே ஒரு டப்பா கொடுத்து "இது உன்னது"ன்னு சொல்லியிருக்காங்க. பையன் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கான். அவன்கிட்ட யாரும் பேசலையே. அவன் அறையிலதானே அந்தப் பொண்ணுக்கு இடம் கொடுத்தாங்க.

சமூகப் பணி படிச்ச பதிவர்கள் நம்ம கூட்டத்துல சிலர் இருக்கீங்க. பயிற்சியில நிஜக் குடும்பத்தோட எத்தனை மணி நேரம் உக்கார வச்சாங்க, யார் கூட இருந்து பாத்தாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. பொன்னமராவதி, திருப்பத்தூர் பக்கம் இருக்கறவங்க தனியாவும் எழுதலாம்.

டிஸ்கி: சுவீகாரத்தைக் கேவலப்படுத்திட்டேன்னு சொந்தக்காரங்க சண்டைக்கு வராதீங்க. இன்னிக்கு இளைஞர் நீதிச் சட்டப்படி தத்து எடுத்தா, அஞ்சு வயசு தாண்டின பிள்ளைகிட்ட சம்மதம் கேக்கணும். எங்க ஐயாகிட்ட கேட்டிருந்தா அவர் சரின்னுகூட சொல்லியிருப்பார். திருவிழான்னு சொல்லாம இருந்திருக்கலாம்.