பிண்ணாக்குக் கணக்கு

1986இல் நேர்ந்த செர்னோபில் விபத்தினால் கெட்டுப்போன உக்ரேன், பெலாரஸ் வயல்களில் கடுகினத்து ரேப் பயிரை விளைவித்து, வித்தை ஆட்டி டீசலாக்கினால் வருமானத்தோடு பூமியும் சுத்தியாகிவிடும் என்று நண்பர் சாதிக்கிறார். எண்ணெயில் கதிரியக்கம் அநேகமாய் இறங்குவதில்லை என்பது வாஸ்தவம்; அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், பொட்டாசியமென்று மயங்கி வேர் உறிஞ்சிய சீசியமும், சுண்ணாம்புச் சத்தின் வேஷத்தில் ஏறிய ஸ்ட்ரான்ஷியமும் பிண்ணாக்கிலும் தட்டையிலும் தங்கியிருக்க, அவற்றை எந்த மாட்டுக்கு வைப்பது, எரித்தால் விஷம் செறிந்த அந்தச் சாம்பலை எங்கே புதைப்பது என்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. களிமண் இறுகப் பிடித்த சீசியத்தில் ஒரு போகம் எடுப்பது அற்பம்; 30 வருஷத்தில் அது தானாகவே பாதியாய்த் தேய்வதுதான் வேகம். காலம் செய்த வேலைக்குப் பயிரின் பெயரில் ரசீது எழுதுவானேன்? எண்ணெய்க்காக மட்டும் பயிரிடுவோம் என்றால் கேட்கச் சித்தமாயிருக்கிறேன். பிண்ணாக்குக் கணக்கையும் கையோடு கொண்டுவரட்டும்.